ஏ9 ஓரம் பழைய பெற்றோல் செட் காணி: மாரியில் எண்ணெய் இல்லை, கோடையில் கிணறு மணக்குது

பாலைமரம்:

வணக்கம். கிளிநொச்சிக்குத் தெற்கே ஏ9 வீதியோரம் ஒரு காணி. முந்திப் பெற்றோல் செட், இப்ப கடைத்தொகுதி கட்டப் போகினம். நிலத்துக்குக் கீழே மூன்று தாங்கிகள் இருக்கு, இரண்டு டீசல், ஒன்று பெற்றோல், ஒவ்வொன்றும் 10,000 லீற்றர். பக்கத்து வளவுக் கட்டுக்கிணறு தாங்கிக் குழியிலிருந்து 35 மீற்றர். ஆவணி, புரட்டாதியில் கிணறு மணக்குது, வாளித் தண்ணியில் வானவில் மாதிரிப் படலம். மார்கழியில் ஒன்றும் தெரியாது. தை மாதம் எடுத்த மாதிரிக்கு "எண்ணெய், கிறீஸ் கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்திருக்கு. அதைக் காட்டி அத்திவாரம் வெட்டலாம் என்று காணிக்காரர் நிக்கிறார்.

மண் இப்படி: மேலே 1 மீற்றர் கிரவல், பிறகு மணல் கலந்த செங்களி, 7 மீற்றருக்குக் கீழே உக்கின பாறை. மாரியில் நீர்மட்டம் 2 மீற்றர் ஆழத்தில், கோடைக் கடைசியில் 6.5 மீற்றரில். கண்காணிப்புக் கிணறு எத்தனை, எங்கே, எப்படிப் போடுறது? இங்கே கிடைக்கிற சாமானை வைத்து என்ன துப்புரவு செய்யலாம்?

கிணற்றுக்கட்டு:

அத்திவாரத்தை நிப்பாட்டுங்கோ. அந்தத் தை மாத அறிக்கையை வைத்து ஒரு முடிவும் எடுக்க ஏலாது.

டீசலும் பெற்றோலும் நீர்மட்டத்தில் மிதக்கிறவை. உங்கட காணியில் அந்த மட்டம் வருசத்துக்கு 4.5 மீற்றர் ஏறி இறங்குது. கோடையில் தண்ணி இறங்க எண்ணெயும் கூடவே இறங்கும், இறங்கிற வழியெல்லாம் மண்ணில் ஒட்டிக்கொண்டு போகும். ஐப்பசி மழையோடு தண்ணி ஏறேக்க எண்ணெய் முழுக்க மேலே வராது. பெரும்பகுதி மண் துளைகளுக்குள் குமிழ் குமிழாய் அகப்பட்டுத் தண்ணிக்குக் கீழே கிடக்கும். மார்கழியில் கிணறு தெளிவாய்த் தெரியிறது இதனால்தான். எண்ணெய் எங்கேயும் போகவில்லை, 2 மீற்றருக்கும் 6.5 மீற்றருக்கும் இடையில் பூசுப்பட்டுக் கிடக்கு. தண்ணி மறுபடி இறங்க அது வழிந்து கிணற்றுக்குள் வரும்.

ஆகவே எந்த அளவீட்டிலும் மூன்று எண்கள் சேர்ந்து இருக்கவேணும்: திகதி, நீர்மட்டம், எண்ணெய்த் தடிப்பு. நீர்மட்டம் எழுதாத தடிப்பு ஒன்றுக்கும் உதவாது.

கண்காணிப்புக் கிணறு குறைந்தது மூன்று, முக்கோணமாக. மூன்று இல்லாமல் தண்ணி ஓடும் திசை பிடிபடாது. என்ர எண்ணத்தில் உங்களுக்கு ஐந்து வேணும்: ஒன்று ஓட்டத்துக்கு மேற்பக்கம், ஒன்று தாங்கிக் குழியின் விளிம்பில், இரண்டு கீழ்ப்பக்கம், ஐந்தாவது பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் தாங்கிக்கும் நடுவில்.

குழாய் 2 அங்குல பீவீசி, புரிபோட்ட மூட்டு. பீவீசி பசை பூசி ஒட்டவே கூடாது, பசையின் கரைப்பான் மாதிரியில் வந்து ஆய்வுகூடத்தைக் குழப்பும். துளைக்குழாய் மாரி மட்டத்துக்கு மேலே தொடங்கிக் கோடை மட்டத்துக்குக் கீழே முடியவேணும். உங்களுக்கு 1.5 மீற்றரிலிருந்து 8 மீற்றர் வரை. கனபேர் செய்கிற பிழை, வழக்கமான குழாய்க் கிணறு மாதிரிக் கீழே மட்டும் துளை விடுறது. மிதக்கிற எண்ணெய் மூடின குழாய்க்கு வெளியே நிற்கும், உள்ளே தண்ணி துப்புரவாய் இருக்கும்.

துளை அகலம் 0.25 மில்லிமீற்றர். வாளால் வெட்டினால் 1 மில்லிமீற்றர் வரும், களி முழுக்க உள்ளே இறங்கும். சுற்றிவர 0.5 முதல் 1 மில்லிமீற்றர் வரை அரித்துக் கழுவின மணல், துளை தொடங்கிற இடத்துக்கு ஒரு சாண் மேலே வரை. அதற்கு மேலே 60 சென்ரிமீற்றர் பென்ரனைற்றுக் களி (ஊறினால் ஊதி அடைக்கிற களி), தண்ணி விட்டு ஊறவிட்டது, பிறகு சீமெந்து. மேலே இடம் குறைவு என்றதால் இந்த அடைப்பை அவசரப்பட்டுச் செய்யாதேங்கோ. அடைப்பு சரியில்லை என்றால் முற்றத்து மழைத்தண்ணி குழாயோரமாய் நேரே இறங்கும்.

தாங்கிக்காரன்:

கிணறு துளைக்க ரிக் கூப்பிடுவீங்கள் என்றால் ஒன்று. இங்கத்த ரிக்குகள் காற்று அழுத்தத்தில் பாறை துளைக்கிறவை. 60 மீற்றர் போய், மேலே மட்டும் குழாய் இறக்கிவிட்டு, கீழே வெறும் பாறையாய் விடுவினம். அப்படி ஒன்றைத் தாங்கிக் குழிக்குப் பக்கத்தில் போட்டால் மேலே நிற்கிற எண்ணெய்க்குப் பாறை வெடிப்புக்குள் வழி திறந்துவிட்ட மாதிரி. 8 மீற்றருக்குக் கை ஓகர், அதாவது கையால் சுழற்றி மண் துளைக்கிற கருவி, காணும். பாறை தட்டினால் நிப்பாட்டுங்கோ.

ஓகர் இறக்கமுன் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அந்தக் காணியின் கண்ணிவெடி அகற்றிய பதிவைப் பார்த்து எழுத்தில் வாங்குங்கோ. முற்றம் துப்புரவு செய்த காணியிலும் தாங்கிக் குழி அளவுக்கு ஆழம் பார்த்தார்களோ என்பது வேறு கேள்வி.

இப்ப தாங்கி. கசிவு எங்கேயிருந்து வருகுது என்று தெரியாமல் தண்ணியை இறைக்கிறது வீண். டிப் ரொட்டில், அதுதான் தாங்கிக்குள் விட்டு மட்டம் பார்க்கிற கோலில், தண்ணி காட்டும் பேஸ்டைத் தடவித் தாங்கி அடியைப் பாருங்கோ. மார்கழியில் தாங்கிக்குள் தண்ணி ஏறினால் தாங்கியில் ஓட்டை, தண்ணி வெளியிலிருந்து உள்ளே தள்ளுது. அதே ஓட்டையால் கோடையில் எண்ணெய் வெளியே போகும். அடிப்பகுதி தண்ணி மாரி தோறும் கூடிக்கொண்டு வந்ததா என்று செட்டின் பழைய டிப் புத்தகத்தில் தேடுங்கோ. புத்தகக் கணக்கில் சிறு ஏற்றத்தாழ்வு வெப்பத்தாலும் வரும்: பெற்றோல் 1 பாகை செல்சியஸுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட விரியும், 10,000 லீற்றரில் 10 பாகை மாற்றம் 100 லீற்றரைக் காட்டும். அதைக் கசிவென்று நினைக்காதேங்கோ. மாதத்துக்கு மாதம் ஒரே பக்கம் குறைவதுதான் கசிவு.

தாங்கியைக் கோடையில் கிண்டுங்கோ. மாரியில் 10,000 லீற்றர் வெறுந்தாங்கி நீருக்குள் நின்றால் ஏறக்குறைய 10 தொன் மேல்நோக்கித் தள்ளும், கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வரும். வெட்டமுன் உள்ளே வாயு அளவு பார்க்கவேணும், மேலே, நடுவில், அடியில் மூன்று இடமும். பெற்றோல் ஆவி காற்றில் 1.4 வீதம் வந்தாலே தீப்பிடிக்கும். மீற்றர் அந்த எல்லையின் பத்தில் ஒன்றுக்குக் கீழே காட்டும்வரை கட்டர், கிறைண்டர் ஒன்றும் கிட்டக் கொண்டுபோகக்கூடாது.

அடித்தட்டில் கறுப்புச் சேறு இருக்கும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 வரை விற்றது. தாங்கி அதற்கு முந்தியது என்றால் அந்தச் சேற்றில் ஈயச் சேர்மானம் இருக்கும், தோலாலும் உடம்புக்குள் போகும். கையுறை போட்டு, வேறாக மூடின பரலில் (பீப்பாயில்) எடுத்து வையுங்கோ. மண்ணோடு கலக்க வேண்டாம்.

பாலைமரம்:

நன்றி அண்ணை. எண்ணெய்த் தடிப்பு அளக்கிற மின் கருவி இங்கே கிடைக்குதில்லை. வேறு வழி?

தாங்கிக்காரன்:

தம்பி, செட்டில் இருக்கிற பேஸ்டே போதும். இரும்பு அளவுநாடாவில் ஒரு பக்கம் எண்ணெய் காட்டும் பேஸ்ட், மறுபக்கம் தண்ணி காட்டும் பேஸ்ட். மெதுவாய் இறக்கி, கொஞ்ச நேரம் நிற்கவிட்டு எடுங்கோ. இரண்டு நிறமாற்றத்துக்கும் இடையில் தடிப்பு. ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் இதை நம்பேலாது. அப்ப கண்ணாடி மாதிரித் தெளிந்த பெயிலரை (கயிற்றில் இறக்கித் தண்ணி அள்ளுற குழாய்) நீர்மட்டத்தில் பாதி மட்டும் அமிழவிட்டு எடுத்துப் பார்க்கவேணும். மாதிரி எடுக்கிறதுக்கு வேறு நாடா, வேறு பெயிலர். பேஸ்ட் பட்டது கலக்கக்கூடாது.

கிணற்றுக்கட்டு:

நீர்மட்டம் கணக்கிடுறதில் எண்ணெயின் பாரத்தைத் திருத்த மறக்காதேங்கோ. எண்ணெய் மேற்பரப்பு 5.90 மீற்றர், அதன் கீழே தண்ணி 6.20 மீற்றர் என்று வந்தால் தடிப்பு 30 சென்ரிமீற்றர். டீசலின் அடர்த்தி 0.84, அப்ப அந்த எண்ணெய் தண்ணியை 25 சென்ரிமீற்றர் கீழே அமத்தி வைத்திருக்கு. சரியான நீர்மட்டம் 5.95. பெற்றோல் என்றால் 0.74 ஆல் பெருக்குங்கோ. இதைத் திருத்தாமல் போட்ட வரைபடத்தில் ஓட்டம் தாங்கிக் குழியை நோக்கித் திரும்பி நிற்கிற மாதிரித் தெரியும்.

குழாயில் 30 சென்ரிமீற்றர் என்றால் மண்ணிலும் 30 என்று எழுதுறது இன்னொரு பிழை. களிமண்ணில் குழாய்க்குள் தடிப்புக் கூடிக் காட்டும். தாங்கிக் கணக்கு மாதிரிப் பெருக்கி "இத்தனை ஆயிரம் லீற்றர் கிடக்கு" என்று அறிக்கையில் போடவேண்டாம்.

ஐந்து குழாயின் விளிம்பும் ஒரே மட்டத்துக்குக் கணக்காய் அளக்கப்படவேணும். மேசன்மார் பாவிக்கிற தண்ணி ரியூப் சில மில்லிமீற்றருக்குள் சரியாய்க் காட்டும். குமிழி ஒன்றும் ரியூப்புக்குள் நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

திசையை ஒரு தரம் அளந்துவிட்டு முடிவெடுக்காதேங்கோ. சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணி விட்டால் வாய்க்காலோரம் மட்டம் ஏறும், ஓட்டம் மாறும். பக்கத்து வளவில் மோட்டர் போட்டு இறைத்தாலும் மாறும். வருசத்தில் நாலு தரம் அளவிடுங்கோ: மாரிக்கு முன், மாரி உச்சம், பங்குனி, ஆவணிக் கடைசி.

சோதனைக்குழாய்:

தை மாத அறிக்கை பற்றி. "எண்ணெய், கிறீஸ்" சோதனையில் மாதிரியைக் கரைப்பானில் எடுத்து, கரைப்பானைச் சூட்டில் ஆவியாக்கி, மிஞ்சுவதை நிறுப்பார்கள். பெற்றோல் அந்தச் சூட்டிலேயே பறந்துவிடும். டீசலிலும் ஒரு பங்கு போய்விடும். பெற்றோல் கலந்த தண்ணீருக்கு அந்தச் சோதனை "இல்லை" என்று காட்டுவதில் வியப்பில்லை. ஆய்வுகூடம் பிழை விடவில்லை, கேட்ட சோதனை பிழை.

கேட்க வேண்டியவை: பென்சீன், தொலுயீன், எதயில்பென்சீன், சைலீன், கூடவே பெற்றோல் வீச்சு, டீசல் வீச்சு ஐதரோகாபன்கள், நப்தலீன். தாங்கி பழையது என்றால் ஈயமும். ஒப்பிட உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டல் அளவுகள், லீற்றருக்கு மைக்ரோகிராமில்: பென்சீன் 10, தொலுயீன் 700, எதயில்பென்சீன் 300, சைலீன் 500. முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பென்சீன்தான்.

கட்டுக்கிணற்றில் வாளியால் அள்ளிய தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பவேண்டாம். அகலக் கிணற்றில் ஆவியாகும் பொருள் மேலே பறந்துகொண்டே இருக்கும், வாளி அதை இன்னும் கலக்கும்.

கண்காணிப்புக் கிணற்றில் மெதுவாய் இறைத்து எடுக்கவேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலீற்றர், மட்டம் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்காமல். பிஎச் 0.1 க்குள், மின்கடத்துதிறன் 3 வீதத்துக்குள், கரைந்த ஒட்சிசன் 10 வீதத்துக்குள் மூன்று தொடர் அளவீடுகளில் நிலைத்தால் போத்தலை நிரப்பலாம். மெதுப் பம்பு இல்லையென்றால் குழாய்க்குள் நிற்கும் தண்ணீரைப்போல் மூன்று மடங்கு வெளியேற்றுங்கள். 2 அங்குலக் குழாயில் மீற்றருக்கு 2 லீற்றர். 3 மீற்றர் நீர் நின்றால் 18 லீற்றர். அந்த 18 லீற்றரும் பரலுக்குள் போகவேண்டும், முற்றத்தில் அல்ல. எண்ணெய் மிதக்கும் கிணற்றில் கரைநிலை மாதிரி எடுப்பதில் பயனில்லை, தடிப்பை மட்டும் பதியுங்கள்.

போத்தல் 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி, மூடியில் தெஃப்லோன். தண்ணீர் விளிம்புக்கு மேலே முட்டி நிற்கும்வரை நிரப்பி, மூடி, தலைகீழாய்க் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். கடுகளவு குமிழி ஓடினாலும் கொட்டிவிட்டு வேறு குப்பி எடுங்கள்.

வழக்கமாய் ஐதரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டு பிஎச் 2 க்குக் கீழே கொண்டுவந்தால் 14 நாள் வைக்கலாம். உங்கள் பக்கத்துத் தண்ணீரில் காபனேற்றுக் கூட இருந்தால் அமிலம் பட்டதும் நுரைக்கும், குப்பிக்குள் குமிழி கட்டும், பென்சீன் அந்தக் குமிழிக்குள் போய்விடும். முதலில் ஒரு குப்பியில் பரீட்சித்துப் பாருங்கள். நுரைத்தால் அமிலம் வேண்டாம், 7 நாளுக்குள் ஆய்வுகூடத்தில் சேர்த்துவிடுங்கள். பரந்தன், பூநகரி, மன்னார்ப் பக்கச் சுண்ணக்கல் நிலத்தில் இதை இன்னும் கவனமாய்ப் பார்க்கவேண்டும்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் அனுப்புவதென்றால் மீன் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி போதும், ஆனால் ஐஸை இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள், உருகின தண்ணீர் லேபலை அழித்துவிடும். பஸ்ஸின் டீசல் மணமே குப்பிக்குள் ஏறலாம். அதைக் கண்டுபிடிக்க, துப்புரவான நீர் நிரப்பின குப்பி ஒன்றை ஆய்வுகூடத்திலிருந்து வாங்கித் திறக்காமலே கூடக் கொண்டுபோய்த் திரும்ப அனுப்புங்கள்.

குளத்துநீர்:

பக்கத்து வளவுச் சனத்துக்கு இன்றைக்கே சொல்லவேண்டியவை, ஐந்து கிணறு போடும்வரை பொறுக்க ஏலாது:

அந்தத் தண்ணியைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைத்தால் போகும் என்று செய்வினம், ஆவி குசினிக்குள் நிற்கும். குளோரின் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை, அது கிருமிக்குத்தான். "நல்லா இறைச்சு விட்டால் தெளியும்" என்று மோட்டர் போட்டு இறைக்கினம், அதுதான் எல்லாத்திலும் மோசம். 35 மீற்றருக்கு அங்கால நிற்கிற எண்ணெயைக் கிணறு தன் பக்கம் இழுக்கும். கிணற்றைச் சேறு வார ஆள் இறக்கவே கூடாது. பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், கிணற்றடியில் தங்கும். இறங்கினவர் மயங்க, தூக்க இறங்கிறவரும் மயங்குவார். உள்ளே மண்ணெண்ணெய்ப் பம்ப் இறக்கி இயக்கினால் தீயும் சேரும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவித்து பவுசர்த் (தாங்கி லொறி) தண்ணி கேளுங்கோ. மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் ஒரு பிரதி. யாழ்ப்பாணம் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தது. காணிக்காரருக்கு அதைச் சொல்லுங்கோ. இப்ப செலவழிக்கிறது அதற்கு முன்னால் சின்னக் காசு.

பாலைமரம்:

சொல்லிவிட்டேன், பவுசருக்குக் கடிதமும் போய்விட்டது. துப்புரவு பற்றி?

கிணற்றுக்கட்டு:

ஒழுங்கு முக்கியம்: தாங்கி, பிறகு குழி மண், பிறகு மிதக்கிற எண்ணெய், கடைசியாய்த் தண்ணி. தலைகீழாய்ச் செய்தால் காசு கரையும்.

மிதக்கிற எண்ணெயைக் கோடைக் கடைசியில் எடுங்கோ, அப்பதான் அது குழாய்க்குள் வரும். தாங்கிக் குழி விளிம்பில் 4 அங்குலக் குழாய் ஒன்று மேலதிகமாய்ப் போட்டால் பெயிலரால் அள்ளலாம், எண்ணெய் உறிஞ்சும் திரணையைக் கட்டித் தொங்கவிடலாம். அமிழ் மோட்டர் போடாதேங்கோ. அது எண்ணெயையும் தண்ணியையும் அடித்துப் பால் மாதிரி ஆக்கிவிடும், பிறகு பிரிக்கவே ஏலாது. அள்ளின பிறகு தடிப்பு எவ்வளவு நேரத்தில் திரும்புது என்று குறித்துக்கொள்ளுங்கோ. முதல் வாரம் ஒரு மணித்தியாலத்தில் திரும்பினது பிறகு நாலு நாள் எடுத்தால், அள்ளி எடுக்கக்கூடியது முடிந்தது, மிச்சம் மண்ணோடு ஒட்டினது. பாறை வெடிப்புக்குள் போயிருந்தால் இந்த நடத்தை மாறலாம்: நீர்மட்டம் ஏற ஏறக் குழாயில் எண்ணெய் கூடும். அப்படி வந்தால் உடனே இங்கே எழுதுங்கோ, திட்டத்தையே மாற்றவேணும்.

கரைந்த பகுதிக்கு இரண்டு 200 லீற்றர் பரல், தேங்காய்ச் சிரட்டை உயிர்ப்பூட்டிய கரி, ஒன்றன்பின் ஒன்று. கரி நம்மட நாட்டிலேயே செய்கிறது, தேடித் திரியத் தேவையில்லை. நிமிடத்துக்கு 20 லீற்றருக்கு மேல் விடாதேங்கோ, கரியோடு 10 நிமிடம் தண்ணி நிற்கவேணும். இரண்டு பரலுக்கும் நடுவில் மாதிரிக் குழாய் வைத்து அங்கே பென்சீன் பாருங்கோ. தெரிந்தால் முதல் பரலின் கரியை மாற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவாங்கோ. எண்ணெய் கலந்த நிலத்தடி நீரில் இரும்பு கரைந்து வரும். நேரே கரிக்குள் விட்டால் சில நாளில் செங்காவி கட்டி அடைக்கும். முதலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி, பிறகு காற்றுப்படத் தூவி ஒரு தொட்டியில் படியவிட்டு, மணல் வடியால் விட்டு, அதன் பிறகு கரி. தூவும் இடம் வீடுகளுக்குக் காற்றுக்கீழ்ப் பக்கம், தீயில்லாத இடம்.

வெளியேறும் தண்ணியை வயல் வாய்க்காலுக்கு விட அனுமதி வாங்கவேணும், சோதனை முடிவோடு.

குளத்துநீர்:

குழி மண்ணுக்கு என்ர கணக்கு. 100 கனமீற்றர், 170 தொன் என்று வையுங்கோ. கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் ஐதரோகாபன் என்றால் மொத்தம் 850 கிலோ, அதில் காபன் 720 கிலோ அளவில். நுண்ணுயிர்களுக்குக் காபன், நைதரசன், பொசுபரசு 100:10:1. நைதரசன் 72 கிலோ, அதாவது யூரியா 156 கிலோ. பொசுபரசுக்கு ரீஎஸ்பீ உரம் (ரிப்பிள் சுப்பர் பொசுபேற்று) 36 கிலோ. ஒரே தரத்தில் கொட்டினால் உப்புக் கூடி நுண்ணுயிர் சாகும், நாலு பங்காய்ப் போடுங்கோ.

தடித்த பொலித்தீன் விரித்து, சுற்றிவர வரம்பு கட்டி, மண்ணை 40 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்புங்கோ. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் மண்வெட்டியால் பிரட்டவேணும். கையில் பிடித்தால் கட்டியாகி, விரலால் தட்டினால் உடையிற ஈரம் சரி. மாசியிலிருந்து புரட்டாதி வரை வன்னி வெயில் நல்ல உதவி, ஈரத்தை மட்டும் பிடித்து வைக்கவேணும். ஐப்பசிக்கு முன் தறப்பாள் போட்டு மூடியே ஆகவேணும். பெருமழை வரம்பை உடைத்தால் டீசலும் யூரியாவும் சேர்ந்து கிணற்றுக்குத்தான் போகும். யூரியா நைத்திரேற்றாய் மாறிக் குடிதண்ணியில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. பொலித்தீன் விரிக்காத நிலத்தில் உரம் போடவே வேண்டாம். பெற்றோல் ஊறின மண் வேறு விசயம், அது பிரட்டேக்கையே பறக்கும், வீடுகளுக்குப் பக்கத்தில் செய்யக்கூடாது.

பாலைமரம்:

எப்ப நிப்பாட்டலாம்? காணிக்காரர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

கிணற்றுக்கட்டு:

அடுத்தடுத்த இரண்டு கோடை, நீர்மட்டம் அடிக்கு இறங்கி நிற்கேக்க, ஐந்து கிணற்றிலும் மிதக்கிற எண்ணெய் இல்லை, பக்கத்து வளவுப் பக்கக் கிணற்றில் பென்சீன் 10 க்குக் கீழே என்று காட்டட்டும். மாரி முடிவு எத்தனை சேர்த்தாலும் இரண்டு கோடைக்கு ஈடில்லை. அத்தோடு கரைந்த ஒட்சிசன், நைத்திரேற்று, கரைந்த இரும்பு, சல்பேற்று நாலையும் பாருங்கோ. தாங்கிக் குழி விளிம்புக் கிணற்றில் ஒட்சிசனும் சல்பேற்றும் குறைந்து இரும்பு கூடி, தள்ளியிருக்கிற கிணறுகளில் மாறி இருந்தால் நுண்ணுயிர் இன்னும் வேலை செய்யுது, எண்ணெய் இன்னும் இருக்கு என்று அர்த்தம்.

கடைகள் கட்டுறதைக் காணியில் தண்ணி ஓட்டத்துக்கு மேற்பக்கத்தில் தொடங்கலாம். தாங்கிக் குழிக்கு மேலேயும் கண்காணிப்புக் கிணறுகளுக்கு மேலேயும் கொங்கிறீற்றுப் போடவேண்டாம்.

சோதனைக்குழாய்:

ஒரு சின்ன விடயம். ஒவ்வொரு குழாயின் வாயிலும் வடக்குப் பக்கம் அரத்தால் ஒரு கீறல் போடுங்கள், எல்லா அளவீடும் அந்தக் கீறலிலிருந்து. குழாய் சரிவாய் வெட்டுப்பட்டிருந்தால் வேறு வேறு பக்கம் பிடித்து அளக்க ஒரு சென்ரிமீற்றர் மாறும். உங்கள் காணியில் இரண்டு கிணற்றுக்கு இடையில் அவ்வளவுதான் மட்ட வித்தியாசமே இருக்கக்கூடும்.

பாலைமரம்:

ஓம், விளங்குது. ஓகர் இந்தக் கிழமை இறங்குது. ஆவணிக் கடைசி அளவீடு ஐந்தையும் இங்கேயே போடுறேன், கீறலிலிருந்து அளந்து.